அரைப் பல் பூண்டு

கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள் அம்மா.

ஒரு கையில் அப்பா புகைபிடிக்கும் பைப். இன்னொரு கையில் நசுக்கிய பூண்டு. சமையலறை வாசலில் மகள்.

"அம்மா! அப்போ அந்த நாத்தத்துக்குக் காரணம் நீதானா?"

"மெதுவா பேசுடி. உங்கப்பாவுக்குப் பாம்புக் காது."

லீவுக்கு வந்த மகள், வந்த நாளிலிருந்து பார்க்கிறாள். காலையானால் அப்பா ஜன்னலோரம் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். பைப்பைக் கழற்றி, புகையிலை போடுகிற கிண்ணத்தில் உப்பை நிரப்பி, அதன் மேல் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைப்பார். உப்பு பழுப்பேறியதும் கொட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய கம்பியால் தண்டைக் குடைவார். அச்சகத்தில் மெஷினைத் துடைத்தே தலை நரைத்த ஃபோர்மேன். வேலையில் குறை சொல்ல முடியாது.

மத்தியானம் பைப்பைக் காயவைத்துவிட்டுக் கண்ணயர்வார். சாயங்காலம் எடுத்து மோந்து பார்த்தால், "சீ!"

"புகையிலைக் கடைக்காரன் எதையோ கலந்து வித்திருக்கான். அந்த நாத்தம் உள்ளே ஏறி உட்கார்ந்துக்கிட்டு இறங்க மாட்டேங்குது" என்று திட்டுவார். மறுநாள் மறுபடியும் உப்பு, ஸ்பிரிட்.

"அப்பா பாவம்மா. பச்சைக் குழந்தை மாதிரி உன்னை நம்பிக்கிட்டு இருக்கார். ஊதக்கூடாதுன்னா நேரா சொல்லேன்."

"சொல்லாமலா இருந்தேன்? இனிமே ஒரு வாய்ப் புகைகூட இந்த நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு. பெரிசா தலையை ஆட்டிட்டு வந்த மனுஷன், மறுநாளே கொல்லைப்பக்கம் நின்னு ஊதறார். அழுது பார்த்தேன். சண்டை போட்டேன். பட்டினிகூட கிடந்தேன். அதுல நான் இளைச்சதுதான் மிச்சம்."

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

"புதுசு வாங்குவார். அதை எனக்குத் தெரியாம ஊதுவார். இதுன்னா பத்த வைக்கப் போனாலே குமட்டுது, கீழே வச்சுடறார். அவர் உசிரோட இருக்கணும்னா பூண்டென்ன, சாணியைக்கூடப் பூசுவேன்."

"என்ன இருந்தாலும் ஏமாத்தறது ஏமாத்தறதுதாம்மா. இதையே அவர் உனக்குப் பண்ணினா சும்மா இருப்பியா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷரிடம் அம்மா எதையும் மறைத்ததில்லை. மகள் சொன்னது சுருக்கென்று தைத்தது.

மறுநாள் அரைப் பல்தான் தேய்த்தாள். அதற்கு அடுத்த நாள் அதையும் ஒப்புக்குத் தொட்டு எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா பைப்பை மோந்தார். "சீ" வரவில்லை. மறுபடி மோந்தார். உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாரோ?

காலையில் அவர் பேப்பரை விரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"இன்னிக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டாம விடறதில்லை."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"போச்சு! கடைக்காரனோட சண்டைக்குக் கிளம்பிட்டார்" என்றாள் மகள். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இப்ப திருப்திதானே உனக்கு?"

அம்மா இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அந்தக் கடைக்காரர் வாயில்லாப் பூச்சி. இவரோ கோபம் வந்தால் கத்துவார். கத்தினால் அந்த நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? உண்மையைச் சொல்லிவிட்டால் நாளையிலிருந்து மறுபடி ஊத ஆரம்பிப்பார். சொல்லாவிட்டால் ஊரான் தலையில் பழி.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கிளம்புவதற்குள் அப்பாவே வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. லேசாக மூச்சு வாங்கியது.

"அந்த ஆளை ஒண்ணும் சொல்லிடலையே? அவர் மேல தப்பே இல்லீங்க. நான்தான்... நான்தான் தினமும் உங்க பைப்புல பூண்டைத் தேய்ச்சேன். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துபோய்..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பின்னாலேயே வந்து நின்றாள்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"போடி பைத்தியம். புகையிலைக் கடைப் பக்கமே நான் போகலை. அந்தத் தெருவுல நடந்தா கால் தானா உள்ளே போயிடும்னு, சுத்திக்கிட்டு காய்கறிக் கடைக்குப் போயிட்டு வரேன்."

துணிப்பையை அவளிடம் நீட்டினார். பை நிறைய பூண்டு.

"முதல் நாளே எனக்குத் தெரியும். கடைக்காரனைத் திட்டினதெல்லாம், நீ பயந்து நிறுத்திடக் கூடாதேன்னுதான். அந்த நாத்தத்தைக் கழுவிக்கிட்டே இருந்தா அன்னிக்குப் பொழுது ஓடிடுது. இப்ப ஏன் திடீர்னு கையைச் சுருக்கிட்டே?"

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"தாராளமா தேய்ச்சு வை" என்றார் அப்பா. "நேத்து தீப்பெட்டி வரைக்கும் என் கை போயிடுச்சு."