நடுச்சுவர்

தன் வீட்டு வாசலில் யாருடைய செருப்போ கிடப்பதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நெஞ்சு திக்கென்றது.

ஒரு ஜோடி இல்லை. நாலு ஜோடி. எல்லாம் ஆம்பிளைச் செருப்பு.

கொடியில் ஈரச்சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு ஆண்கள் பேசிக்கொள்ளும் சத்தம்.

அப்பா ஊரைவிட்டுக் கிளம்பியபிறகு ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. சாவி இவர் பையில் இருக்கிறது. பூட்டைத்தான் காணோம்! கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே தெருவைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். ரயில்பெட்டித் தொழிற்சாலையை மூடியதோடு ஊர் காலியாகிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தார். இந்த அளவுக்கு என்று நினைக்கவில்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய பதினேழு வீடுகளில் ஒன்பதுக்குக் கதவில்லை, ஜன்னலில்லை. கூரை இறங்கி, கூடத்தில் புல் ஆளுயரம் வளர்ந்திருந்தது. பட்டப்பகல் மூணு மணிக்கு ஒரு குஞ்சு குளுவான் கண்ணில் படவில்லை.

'கொள்ளைக்காரப் பசங்க, சுரண்டி எடுத்துட்டானுங்களே' என்று திட்டிக்கொண்டேதான் வந்தார். இப்போது அந்தக் கூட்டம் தன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

"யாருப்பா உள்ளே?"

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

போனை எடுத்தார். சிக்னல் இல்லை. ஓடிவிடலாமா என்று கால் சொன்னது. ஆனால் வந்த வேலை? பாதிச் செங்கல் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு சந்து வழியாகப் பின்பக்கம் போனார். கதவு திறந்திருந்தது. சமையலறைக்குள் காலை வைத்தார்.

மாடியில் எதுவோ தடாலென்று விழுந்தது. கூடவே ஒரு பெண் குரல்:

"அண்ணே! தம்பிங்களையும் எழுப்பிக் கூட்டிட்டு வாங்க! எவனோ உள்ளே நுழைஞ்சிட்டான்!"

அவ்வளவுதான். கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

படி கிறீச்சிட்டது. இறங்கி வந்தது ஒரே ஆள்தான். முதலில் ஒரு காய் நறுக்கும் கத்தி தெரிந்தது. அது, இவர் கையிலிருந்த செங்கல்லைவிட அதிகமாக நடுங்கியது. பின்னாலேயே நரைத்த தலை, தடித்த கண்ணாடி.

பக்கத்து வீட்டு ஊசி அக்கா! தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அவர் தெருவுக்குள் வந்தாலே பிள்ளைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

"அக்கா, குத்திடாதீங்க! நான்தான், வெல்டர் மகன்!"

கத்தி கீழே விழுந்தது. அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாவி, எனக்கு உயிரே போய் வந்துச்சுடா. ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?"

"அந்த நாலு பேர் எங்கக்கா?"

"நாலு பேரும் இல்ல, நாப்பது பேரும் இல்ல. வெறும் செருப்புதான். பேசினது ரேடியோ. உன் சத்தம் கேட்டுப் பதறிப்போய் அணைச்சேன்."

"எதுக்கு இதெல்லாம்?"

"ஆள் புழங்குற மாதிரி தெரியணுமில்ல? ஊரைவிட்டுப் போனவங்க ஆளுக்கொரு மாத்துச் சாவியை எங்கிட்ட கொடுத்துட்டுத்தானே போனாங்க, உங்கப்பாவும் சேர்த்து. என் வீட்டை விட்டா மிச்சம் இருக்கிற வீடு ஏழு, என் வீட்டுக்காரர் சட்டை ஆறு. அதைத்தான் தினமும் நனைச்சு, மாத்தி மாத்திக் காயப்போடுறேன்."

சிரிப்பு வந்தது அவருக்கு. அக்கா சிரிக்கவில்லை.

"எல்லா வீட்டுக்கும் நடுச்சுவர் ஒண்ணுதான் தம்பி. ஒரு வீட்டு உத்தரத்தை உருவினா அடுத்த வீட்டுக் கூரை இறங்குது. என் வீட்டுக்காரரு நாலு வருஷமாப் படுத்த படுக்கை. உன் வீடு விழுந்தா அவரு தலைமேலதான் விழும். ராத்திரி பகல் கண்ணை மூட முடியல எனக்கு."

"போலீஸ்ல சொல்றதுதானே? அந்தத் திருட்டுப் பசங்களைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தினா சரியாப்போயிடும்!"

அக்கா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"திருடனா? இந்தத் தெருவுக்கு எந்தத் திருடன்டா வந்தான்? சாவியைப் போட்டுத் திறந்து, பட்டப்பகல்ல பேத்துட்டுப் போறாங்க. டர்னர் மகன், வாட்ச்மேன் மருமகன்... எல்லாம் நான் பார்த்து வளர்ந்த பசங்க. அவங்க வீடு, அவங்க விக்கிறாங்க. போலீஸ்ல என்னன்னு சொல்வேன்? உள்ளே யாரோ குடியிருக்காங்க, நமக்கெதுக்கு வம்புன்னு விக்க வந்த ரெண்டு பேர் வாசலோட திரும்பிட்டாங்க. அந்த ஒரு தைரியம்தான் எனக்கு."

அவர் கையிலிருந்த செங்கல்லை மெல்லக் கீழே வைத்தார்.

"நீயாவது வீட்டை ஒருதரம் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தியே," என்றார் அக்கா.

வாசலில் லாரி ஹாரன் அலறியது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "வந்துட்டாங்கடா!" என்று கடைக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, தாழைத் திறந்து வெளியே போனார் அவர்.

லாரியில் கடப்பாரையோடு மூன்று பேர் இருந்தார்கள். டிரைவர் தலையை நீட்டினார்.

"சார், நேத்து போன் பண்ணினது நீங்கதானே? கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாத்தையும் இன்னைக்கே பேத்துக்கச் சொன்னீங்களே, எந்த வீடு?"

"நான் இல்லப்பா," என்றார் கண்ணாடிக் கடைக்காரர். "இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் ஆள் இருக்காங்க."