நல்ல இரும்பைத் தொடாது

மாமாவின் சலவைக்கடைத் தண்ணீரில் இரும்பு கலந்திருந்ததால், வெளுக்க வந்த சட்டைகள் மஞ்சளாகத் திரும்பிப் போயின. ரசாயனம் படித்த மாப்பிள்ளை ஒரு மூட்டைப் பொடியோடு வந்தார்.

“தண்ணியில இருக்கிற இரும்பை இது கெட்டியாப் பிடிச்சுக்கும் மாமா. வெளியே போனதும் மண்ணுல மக்கிடும்.”

“என் இரும்புத் தொட்டியைத் தின்னுடாதுல்ல, மாப்ளே?”

“துருவைத்தான் கரைக்கும். நல்ல இரும்பைத் தொடாது.”

மாமா மூட்டையையே தொட்டியில் கவிழ்த்தார். ஒரே வாரத்தில் சட்டைகள் பளிச்சிட்டன. பூரித்துப்போன மாப்பிள்ளை தொட்டியைத் தட்டிக்கொடுத்தார். விரல் உள்ளே போய்விட்டது.

“ஐயோ மாமா, இதுல நல்ல இரும்பே இல்ல! எல்லாம் துரு. கரைஞ்சு போச்சு!”

“அப்போ இவ்ளோ தண்ணியைத் தாங்கிட்டு நின்னது எது?”

“நீங்க அடிச்ச பெயிண்ட்.”

மாமாவின் முகம் மலர்ந்தது. உள்ளே இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

“வருஷாவருஷம் எதுக்குப் பெயிண்டுன்னு திட்டினியே, இப்ப வந்து பாரு!”