கைபடாமல்

மணி அடிக்க அடிக்க அவள் சாமியைப் பார்க்கவில்லை. மேஜைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், தலையில் ஒரு துண்டு கதம்பம். எல்லாம் அணைந்து கிடந்தன.

கோயம்புத்தூரில் பம்பு செட்டு செய்யும் கம்பெனி அது. ஆயுத பூஜை லீவுக்கு முந்தின நாள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. சந்தனம் வைத்துவிட்டால் விஜயதசமி விடியும்வரை எந்த மெஷினையும் ஒருத்தரும் தொடக்கூடாது. மேனேஜர் நாச்சிமுத்து போட்ட சட்டம். அவர் போட்டால் போட்டதுதான்.

விடிந்ததும், கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் அவள் மட்டும் வரவேண்டும். பென் டிரைவோடு மேஜை மேஜையாகக் குனிந்து, புது சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். வருஷா வருஷம் இதே கூத்து.

இந்த விஜயதசமிக்கு அம்பாசமுத்திரத்தில் அவளுடைய சின்ன மகளை அரிசியில் எழுத வைக்கிறார்கள்.

அதற்கும் போகாவிட்டால் நான் என்ன தாய் என்று ஒரு மாசமாகப் புழுங்கினாள். புழுங்கிக்கொண்டே வேலையும் பார்த்தாள். உள்ளறை சர்வரிடம் எல்லாப் பொறுப்பையும் கட்டிவிட்டாள். இன்று மதியம் அதுவே மெஷின்களை எழுப்ப வேண்டும். புது பில்லிங் சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். முடிந்ததும் அணைக்க வேண்டும். எழும்பாததை விடாமல் கூப்பிட வேண்டும்.

நாச்சிமுத்து நம்பவில்லை.

“எல்லாத்துலயும் ஏறிருச்சுன்னா ஊருக்குப் போ அம்மிணி. ஒண்ணு பாக்கின்னாலும் நீ இங்கதான்.”

பூஜை மதியத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. ஐயர் வேறு கம்பெனிகளைப் பார்த்துவிட்டு ஆடி அசைந்து வந்தார். அதனால் கற்பூரம் ஏற்றும்போதுதான் அவள் சர்வருக்குக் குறித்துவைத்த நேரம் வந்தது.

முன்வரிசையில் ஒரு திரை வெளிச்சமானது.

பக்கத்தில் இன்னொன்று.

அப்புறம் கேட்க வேண்டுமா? வரிசை வரிசையாக, கதம்பத்துக்குக் கீழே பளிச் பளிச்சென்று. அடேயப்பா! மொத்த ஆபீஸும் விழித்துக்கொண்டது.

மணி நின்றுவிட்டது.

“யாரு தொட்டது?” என்று உறுமினார் நாச்சிமுத்து.

யார் தொடுவார்கள்? எல்லோரும் கும்பிட்டபடி நின்றார்கள். அவளும்தான்.

அக்கவுண்ட்ஸ் ருக்மணி அக்கா மட்டும் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திரைகளில் பச்சைக்கோடு ஊர்ந்தது. பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். அவள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கோட்டையே பார்த்தாள்.

கோடு கடைசிவரை போனது. ‘முடிந்தது’ என்று வந்தது. ஒவ்வொரு மெஷினும் தானே அணைந்தது.

அவளுக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அத்தனை சந்தோஷம்.

கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

மேனேஜரின் கம்ப்யூட்டர் எழும்பவே இல்லை.

ஏன் என்று உடனே புரிந்துவிட்டது. சுவரில் இருக்கும் சுவிட்சை மட்டும் அணைக்காதீர்கள், கரண்ட் இல்லாவிட்டால் எழுப்ப முடியாது என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சியிருந்தாள். எல்லோரும் கேட்டார்கள். இந்த மனுஷன் எழுந்து வெளியே வரும்போதெல்லாம் சுவிட்சைத் தட்டிவிட்டு வருகிறவர். கை தன்னால் போயிருக்கும்.

பாவி மனுஷா, என்று மனசுக்குள் வைதாள். கண் கலங்கிவிட்டது.

நாச்சிமுத்துவும் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.



அவர் உள்ளே போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். மேஜைக்கடியில் குனிந்தார்.

டக்.

உள்ளறையிலிருந்து சர்வர் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் திரையும் கண்ணைத் திறந்தது.

நிமிர்ந்தவர் எல்லோரையும் ஒரு முறை முறைத்தார்.

“நான் மெஷினைத் தொடலீங்க. செவுத்தத்தான் தொட்டேன்.”

முதலில் சிரித்தது ருக்மணி அக்கா. பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஐயரே சிரித்தார்.

பச்சைக்கோடு போய்ச் சேர்ந்தது.

“இன்னும் என்ன நிக்கற? பஸ்ஸு போயிரும், ஓடு அம்மிணி.”

படியில் இறங்கிக்கொண்டே புருஷனுக்குப் போன் போட்டாள்.

“இந்த வருஷமும் வேலையா?” என்றான், எடுத்த எடுப்பில்.

“வேலை அது பாட்டுக்கு நடந்து முடிஞ்சிட்டு. நான் வாரேன். பிள்ளைய என் மடியிலதான் வைக்கணும், சொல்லிட்டேன்.”

அங்கே போன் கைமாறியது. மூத்தவன்.

“எம்மா, எனக்கு எழுத வச்சப்ப நீ வரலைல்லா. பாப்பா கூட நானும் உக்காந்துக்கிடவா?”

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காரு ராசா. முதல்ல உன்னத்தான் எழுத வைப்பேன்.”