படகில் பிறந்த மெட்டு

இசைக்குழுவின் வேன் டார்பர்ட்டில் படகேறியபோது அந்த மெட்டு உலகத்தில் இல்லை. ஷானன் ஆற்றைக் கடந்த இருபது நிமிடத்தில் ப்ரோனா அதைத் தன் பிடிலில் கட்டினாள். மொத்தம் இரண்டு பகுதிகள்.

"எங்கயோ சுட்ட மாதிரி இருக்கே," என்றான் குழுத்தலைவன் ஃபின்டன். டிரம் வாசிப்பவன்.

"வாயைக் கழுவு. உன் கண்ணு முன்னாடிதானே போட்டேன்?"

"சரி தாயே. மத்தியானம் கில்ரஷ்ல வாசி. ஜனம் ஆடினா ஆல்பத்துல உன் பேரோட வரும். ஆடலேன்னா ஆத்துல போட்டுடு."

சொந்த மெட்டு ஒன்று ஆல்பத்தில் வரவேண்டும் என்பது அவளுடைய பத்து வருட ஆசை. குழுவில் சேர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. கில்ரஷ் ஊருக்கு அவள் வருவதும் அதுவே முதல் முறை.

மத்தியானம் அவள் மெட்டைத் தொடங்கி மின்கிதாரும் சேர்ந்து முழங்கியதும் அரங்கிலிருந்த நானூறு பேரும் எழுந்து ஆடினார்கள். மெட்டு திரும்பும் இடங்களில் கொஞ்சம் முன்னதாகவே சுழன்றார்கள். ப்ரோனாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டாம் பகுதி முடிந்ததும் கம்பிகளிலிருந்து வில்லை எடுத்தாள்.

கூட்டம் நிற்கவில்லை. மூன்றாம் பகுதியை ஒரே குரலில் பாடியது. அவள் கட்டாத பகுதி அது. ஆனாலும் அவளுடைய மெட்டுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அவள் விரல்கள் தாமாகவே அதைப் பிடித்துக்கொண்டன.

"அடிப்பாவி, இதை ஏன் மறைச்சே?" என்று கத்தினான் ஃபின்டன். "ஆல்பத்துல மொத பாட்டே இதுதான்!"

சேற்றுக் காலணியோடு ஆடிக்கொண்டிருந்த பால்பண்ணைக்காரர் ஒருவர் மேடையருகே வந்தார்.

"நாலாவது பகுதியை மட்டும் மெதுவா வாசிம்மா. போன வருஷம் நீ வாசிச்ச வேகத்துல எனக்கு மூச்சே போயிடுச்சு."

ப்ரோனா தலையாட்டினாள். நாலாம் பகுதி விரல்களில் வந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டாள்.