கைப்பிடி இல்லாத குடை

படம் வரைந்து கண்டுபிடிக்கும் விளையாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பென்சிலும் மணல்கடிகாரமும் மேசைக்கு வந்தன.

“மாணிக்கமும் அவன் மனைவி பூங்கோதையும் காலையிலிருந்து பேசவில்லை. அவன் வரைவதை இவள் எப்படிச் சொல்வாள்?” என்று பென்சில் கவலைப்பட்டது.

“என் மணல் தீர்வதற்குள் சொல்லியாக வேண்டும்,” என்றது மணல்கடிகாரம்.

சீட்டில் ‘குடை’ என்றிருந்தது. மாணிக்கத்துக்கு வரையவே வராது. வளைவாக ஒரு கோடு இழுத்தான். அதுவும் கோணிக்கொண்டு போனது. பென்சிலுக்கு அவமானமாக இருந்தது.

“குடை,” என்றாள் பூங்கோதை. “அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல காத்துல திருப்பிக்கிச்சே, அந்தக் குடை.”

“நனைஞ்சது நான்தானே,” என்று மாணிக்கம் சிரித்தான்.

பென்சிலுக்குப் புரியவில்லை. “ஒரு கோடுதானே போட்டேன்? கைப்பிடிகூட வரையவில்லையே?”

“சத்தம் போடாதே,” என்றது மணல்கடிகாரம். “இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.”