எதிர்க்காற்று

பேரணாம்பட்டுத் தோல் ஷாப்பில் தோல் காயப்போடுகிற முற்றத்துக்குப் பூரணிதான் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் கணித்த மறுநாள் காற்றின் வரைபடம் மெட்ராஸிலிருந்து தினமும் ஃபேக்ஸில் வரும். அம்புக்குறிகள் பார்க்கிற திசையை வைத்துத்தான் அவள் தோல் தொங்கவிடும் கொடிக்கயிறுகளைக் கட்டச் சொல்வாள்.

ஒரு தை மாசத்து வரைபடத்தில் எல்லா அம்புக்குறியும் மேற்கே பார்க்க, பேரணாம்பட்டு மேலிருந்த ஒன்று மட்டும் கிழக்கே பார்த்தது. மறுநாள் கொடியில் தொங்கிய தோல்களெல்லாம் காற்றோடு மேற்கே படபடத்தன. ஒரு மாட்டுத்தோல் மட்டும் காற்றை எதிர்த்துக் கிழக்கே விறைத்து நின்றது.

மேனேஜர் கோதண்டராமனுக்கு வேர்த்துவிட்டது. "இன்னாம்மா இது பேஜாரு? அதை அறுத்துத் தூக்கிப் போடு."

"மாட்டேன் சார். உசுரோட இருந்தப்பதான் இழுத்த பக்கமெல்லாம் போச்சு. இப்பவுமா போவணும்?"

"வேலை போய்டும்."

"போவட்டும்."

அவரே கத்தியோடு போனார்; அறுக்கக் கை வராமல் திரும்பினார். சாயங்காலம் வந்த வரைபடத்தில் அத்தனை அம்புக்குறிகளும் கிழக்கே பார்த்தன.

விடிந்தபோது காற்று பழையபடி மேற்கு நோக்கித்தான் வீசியது. கொடியில் ஒரு தோல்கூட அதோடு போகவில்லை.

பூரணி நேராகப் போய்க் கிழக்கு கேட்டை அகலத் திறந்து வைத்தாள்.