புதருக்குள் ஒரு பலகை

"எடுய்யா வண்டியை!"

அடுப்பும் கட்டிலுமாக வீடு போலவே இருந்த வண்டியின் கதவில், கைத்தடியால் தடதடவென்று இடி. பருப்பு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த ஃபின்ட்லேவின் கையிலிருந்து கரண்டி நழுவிப் பாத்திரத்துக்குள்ளேயே விழுந்தது.

கதவைத் திறந்தார். மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக ஒரு கிழவி. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"நான் எஃபி. அந்த மேட்டுல தெரியுதே, அது என் வீடு. ராத்திரி இங்க வண்டி நிறுத்தக் கூடாது. போர்டு இருக்கே, கண்ணு தெரியல?"

"போர்டா? எங்கம்மா?"

தடியை நீட்டிக் காட்டினாள். சாலையோரத் திடலின் கோடியில், கடலை ஒட்டி, மஞ்சள் பூ அப்பிய முட்புதர் ஒன்று. ஃபின்ட்லே போய்க் கிளையை விலக்கிப் பார்த்தார். உள்ளே நிஜமாகவே ஒரு பலகை, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது: 'இரவில் வண்டி நிறுத்தத் தடை'.

"இதை மனுஷன் எப்படிம்மா பார்ப்பான்? கடல்நாய் வந்து படிச்சாத்தான் உண்டு!"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. எந்த ஊரு?"

"பெய்ஸ்லி. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். போர்டு பார்க்கிறதுதான் எனக்குப் பொழப்பே."

"பெய்ஸ்லியா? அதான் இந்தப் பேச்சு. கிளம்பு, கிளம்பு. உல்லாபூல் டவுன்ல காசு வாங்கிட்டு ராத்திரி நிறுத்த இடம் குடுப்பாங்க."

ஒற்றை வண்டி மட்டுமே போகிற சாலை. காற்று வேறு வண்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. ஆனால் ஃபின்ட்லேவுக்குக் கவலை அது இல்லை. திட்டோ வாழ்த்தோ, ஒரு மனுஷி தன்னிடம் பேசுகிறாளே, அது அதற்குள் முடிந்துவிடப் போகிறதே என்பதுதான்.

ஓய்வு பெற்றதும் இந்த மோட்டார் ஹோமில் ஸ்காட்லாந்துக் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என்று டிப்போ நண்பன் ஆர்ச்சியும் அவரும் போட்ட திட்டம். ஆர்ச்சி என்னடாவென்றால், அறுபத்தாறு வயதில் காதலில் விழுந்து ஸ்பெயினுக்குப் பறந்துவிட்டான். இந்தச் சாலைகளில் ஒதுங்கி வழிவிட்டால், எதிரே வருகிறவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். பத்து நாளாக உலகம் ஃபின்ட்லேவுடன் பேசியது அந்த ஒரு விரலால்தான்.

"மழை வருதும்மா. உள்ள வந்து ஒரு வாய் டீ குடிச்சிட்டுத் திட்டுங்களேன்."

எஃபி யோசிக்கக்கூட இல்லை. ஏறி வந்து, ஆர்ச்சிக்கென்று வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு பீங்கான் கோப்பையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"அடுத்தவங்க கோப்பையில குடிச்சா எனக்கு இறங்காது."

டீ இறங்கியது. ஆர்ச்சி கைவிட்டுப் போன கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் சூப்பும் இறங்கியது, "உப்பு எங்கய்யா, ஆர்ச்சி எடுத்துட்டுப் போயிட்டானா?" என்ற கேள்வியோடு. ஃபின்ட்லே இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். அவர் பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஏறிய மாப்பிள்ளை கதையைச் சொல்ல, அவள் மேஜையைத் தட்டித் தட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க பக்கத்து வீட்டுல யாரும்மா?"

"எடின்பரோக்காரங்க வாங்கிப் போட்டிருக்காங்க. ஆகஸ்ட்ல மட்டும் விளக்கு எரியும்." சட்டென்று கோப்பையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். "சரி, இன்னிக்கு ஒரு நாள் போனாப் போகுதுன்னு விடறேன். காலையில இங்க வண்டி நிக்கக் கூடாது, ஆமா!"

அவள் ஏறிப் போய் மேட்டு வீட்டில் விளக்குப் போடும்வரை ஃபின்ட்லே வாசலிலேயே நின்றார். அவள் போனதும் வண்டி முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கழுவ வேண்டிய இரண்டு தட்டுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுத்தார்.

காலையில் மழை விட்டிருந்தது. கிளம்பும் முன் அந்தக் கிழவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. பாவம், இந்த வயதில், வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் மேட்டிலிருந்து இறங்கி வந்து தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. எல்லாம் பலகையை நடத் தெரியாத எவனோ ஒருவனால் வந்த வினை!

கையெல்லாம் முள் கீறப் பலகையைப் பிடுங்கினார். திடல் தொடங்கும் இடத்தில், வளைவில் திரும்புகிறவன் கண்ணில் அறைகிற மாதிரி, சுத்தியலால் ஓங்கி அடித்து நட்டார். தள்ளி நின்று பார்த்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு தான் ஒருவருக்கு உபயோகமாக இருந்ததாகத் தோன்றியது.

மேட்டிலிருந்து எஃபி ஓடி வந்துகொண்டிருந்தாள். இரவு உடையில், கைத்தடிகூட இல்லாமல்.

நன்றி சொல்லத்தான் இந்த ஓட்டம் என்று ஃபின்ட்லேவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "பாருங்கம்மா! இனிமே ஒரு பய இங்க வண்டியை நிறுத்த மாட்டான். நீங்க நிம்மதியா வீட்டுல உட்காரலாம்!"

அவள் அவரைத் தாண்டிப் போய்ப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். அது அசையவில்லை. திரும்பியபோது கண்கள் நிறைந்திருந்தன.

"போர்டு கண்ணுல பட்டா ஒருத்தரும் நிறுத்த மாட்டாங்கன்னுதானேய்யா, நான் அதைப் புதருக்குள்ள நட்டு வெச்சேன்!"